நாயோடு வந்தால் வீடு கிடையாதாம்!

"விலைவாசியும் வேலையில்லாத் திண்டாட்டமும் கழுத்தை நெரிக்கும்போது நாயைப் பற்றியா எழுதுவது?" என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். கேட்பது நியாயந்தான். பத்துக் குடித்தனத்துக்கு ஒரு குழாய் என்று லைன் வீட்டில் காலம் தள்ளும் கோவை மில் தொழிலாளிக்கு, சென்னைப் பட்டணத்தில் பெரிய நாய் வைத்திருப்பவருக்கு வாடகை வீடு கிடைக்கவில்லை என்ற சங்கதி முதலில் சிரிப்பைத்தான் மூட்டும். ஆனால் வீடு தேடிப் போகிறவரிடம் வீட்டுக்காரர் என்னென்ன கேட்கிறார், எந்த வரிசையில் கேட்கிறார் என்று கவனித்தால் அந்தச் சிரிப்பு நின்றுவிடும்.

எனக்குத் தெரிந்த எலெக்ட்ரீஷியன் ஒருவர் மந்தைவெளியில் ஒட்டுக் குடித்தனத்தில் இருந்தார். மனைவி, இரண்டு பிள்ளைகள், கூட ஒரு ராஜபாளையம் நாய். வேலை செய்யப் போன ஒரு பங்களாவில், காது கேட்காத குட்டி என்று ஒதுக்கிப் போட்டிருந்ததைத் தூக்கி வந்து வளர்த்தார். வெள்ளை ராஜபாளையத்தில் இப்படிச் செவிட்டுக் குட்டி பிறப்பது உண்டு. வளர்ந்து, நின்றால் ஆள் தொடைக்கு மேல் வரும் உருவமாகிவிட்டது. அவர் குடியிருந்த பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி எழுப்பப் போவதாகச் சொல்லி, மூன்று மாதத்தில் காலி செய் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் வீடு தேடக் கிளம்பினார்.

மயிலாப்பூரில் முதல் கேள்வி: "எந்த ஊர் தம்பி?" இரண்டாவது: "சைவமா?" மூன்றாவது: "ஊரிலிருந்து சொந்தக்காரங்க அடிக்கடி வந்து தங்குவாங்களா?" இந்த மூன்றிலும் அவர் பாஸாகவில்லை. ஆனால் அதை முகத்துக்கு நேரே சொல்ல வீட்டம்மாளுக்குக் கூச்சம். நாய் இருக்கிறது என்று அவரே சொன்னதும் அந்த அம்மாள் முகத்தில் ஒரு நிம்மதி! "அடடா, நாயா? பெரிய நாயா? உங்க மேல ஒண்ணும் இல்லை தம்பி, மத்த குடித்தனக்காரங்க பயப்படுவாங்க." வீடு கிடையாது என்பது முன்பே முடிவாகிவிட்டது. வெளியே சொல்ல மரியாதையான ஒரு காரணம் வேண்டியிருந்தது, அதை நாய் கொடுத்தது.

தியாகராய நகரில் தரகர் நல்ல யோசனை சொன்னார்: "நாயை ஊருக்கு அனுப்பிட்டேன்னு சொல்லிடுங்கண்ணே, சாவி கைக்கு வந்தப்புறம் பார்த்துக்கலாம்." செவிட்டு நாய் குரைக்கத் தொடங்கினால் தெருவுக்கே தெரியும், இதை எங்கே ஒளிப்பது? அடையாற்றில் ஒரு கனவான் சம்மதித்துவிட்டார். அட்வான்ஸ் பத்து மாத வாடகை, அதற்கு மேல் நாய்க்கென்று மாதம் 2,000 ரூபாய் தனி வாடகை! பணம் வந்தால் மற்றக் குடித்தனக்காரர்களின் பயம் தெளிந்துவிடும் போலிருக்கிறது. மனிதர் கடைசியில் மேடவாக்கத்தையும் தாண்டிப் போய்க் குடியேறினார். வேலையோ இன்னமும் மயிலாப்பூரில்தான். போக வர மூன்று மணி நேரம் பஸ்ஸில் கழிகிறது.

இதே நகரத்தில் போட் கிளப் சாலையிலும் போயஸ் தோட்டத்திலும் சொந்த பங்களா உள்ளவர்கள் ஒன்றல்ல, ஐந்து நாய் வைத்துக்கொள்ளலாம். யாரிடமும் உத்தரவு கேட்க வேண்டியதில்லை. அந்த நாய்களைக் காலையும் மாலையும் சங்கிலியில் பிடித்து நடத்திச் செல்ல ஓர் ஆளை வைத்துக்கொள்ளலாம். அந்த ஆள் கண்ணகி நகரிலிருந்து வருவார். முதலாளியின் நாய்க்கு இருக்கிற இடம் அவருடைய பிள்ளைகளுக்கு இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. 1959ல் கேப்டன் வி. சுந்தரம் அவர்கள் புளூ கிராஸ் ஸ்தாபனத்தைத் தியாகராய நகரில் தமது வீட்டிலிருந்துதான் ஆரம்பித்தார். நல்ல காரியம். ஆனால் அவர் ஒட்டுக் குடித்தனத்தில் இருந்திருந்தால் ஒரு குட்டியைக்கூட உள்ளே கொண்டு வந்திருக்க முடியாது. பிராணிகளிடம் இரக்கம் காட்டக்கூட இந்த ஊரில் சொந்த மனை வேண்டும்.

"என் வீடு, என் இஷ்டம்"

வீட்டுக்காரர்களின் வாதம் இந்த ஒரு வாக்கியந்தான். தஞ்சை ஜில்லா விவசாயத் தொழிலாளிகளுக்கு இது புதிய பாட்டு அல்ல. மிராசுதாரின் மனையில் குடிசை போட்டிருந்தவர் கூலி உயர்த்திக் கேட்டாலும், செங்கொடி பிடித்தாலும், "என் மனை, குடிசையைப் பிரி" என்று உத்தரவு பிறக்கும். அந்த அதிகாரத்தை எதிர்த்து எத்தனை போராட்டங்கள் நடந்தன! அதன் பிறகே 1961ல் குடியிருப்புகளிலிருந்து வெளியேற்றுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. 1971ல் குடியிருந்த மனையையே அவர்களுக்குச் சொந்தமாக்கும் சட்டம் வந்தது. மனை மிராசுதாருடையதாக இருக்கலாம், ஆனால் அங்கே குடியிருப்பவரின் வாழ்வு அவருடைய இஷ்டத்துக்கு உட்பட்டதல்ல என்று கிராமத்தில் சட்டம் ஒப்புக்கொண்டது.

பட்டணத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. யுத்த காலத்தில் வீட்டுப் பஞ்சம் வந்தபோது வாடகைக் கட்டுப்பாடு வந்தது. பிறகு 1960ம் ஆண்டின் கட்டிட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். அதில் ஓட்டைகள் இருந்தன, வழக்குகள் வருஷக்கணக்கில் இழுத்தன, எல்லாம் உண்மை. ஆனாலும் நியாய வாடகை நிர்ணயிக்கச் சொல்லிக் குடித்தனக்காரர் கோர்ட்டுக்குப் போகலாம். வாடகை பாக்கி, உள்வாடகை, அண்டை வீட்டாருக்குத் தொல்லை என்று சட்டம் எழுதி வைத்த காரணங்களில் ஒன்றைக் காட்டாமல் அவரை வெளியே தள்ள முடியாது. அந்தச் சட்டம் இன்று இல்லை. அதன் இடத்தில், 2017ல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் அமலுக்கு வந்த, வீட்டு உரிமையாளர்-வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் சட்டம் இருக்கிறது. இதன்படி இருவரும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டதே வாடகை. ஒப்பந்தம் என்றால் என்ன? ஒரு பக்கம் நான்கு மாடி, மறு பக்கம் நான்கு பாத்திரமும் ஒரு பாயும். இந்த இருவரும் சமமாக உட்கார்ந்து பேசி எழுதியதாம்!

அந்தக் காகிதத்தில் "பிராணிகள் வளர்க்கக் கூடாது" என்ற வரியைச் சேர்ப்பதைத் தடுக்க ஒரு பிரிவும் இல்லை. யாருக்கு விடுவது, யாருக்கு மறுப்பது என்பதில் வீட்டுக்காரரின் கையைப் பிடிக்கவும் இச்சட்டத்தில் ஒன்றும் இல்லை. இந்திய பிராணிகள் நல வாரியம் 2015 பிப்ரவரியில் ஒரு சுற்றறிக்கை விட்டது. அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கங்கள், பெரும்பான்மையோர் கை தூக்கினாலும்கூட, வளர்ப்பு நாய்க்குத் தடை போட முடியாது, நாய் பெரியது என்பதும் காரணமாகாது என்று அதில் சொல்லியிருக்கிறது. 2021ல் கேரள ஐகோர்ட்டும் இப்படிப்பட்ட சங்க விதிகள் செல்லாது என்று தீர்ப்புக் கூறியது. சொந்த பிளாட்டு வைத்திருப்பவருக்கு நல்ல பாதுகாப்பு. வாடகைக்கு இருப்பவருக்கு? சங்கத்தின் கையைக் கட்டிய சுற்றறிக்கை, வீட்டுக்காரர் நீட்டும் பதினோரு மாத அக்ரிமெண்டை எட்டுவதில்லை.

இன்னொரு வேடிக்கையையும் பாருங்கள். வாடகைச் சட்டம் வந்த அதே 1960ல் பார்லிமெண்டு பிராணிவதைத் தடுப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. வளர்த்த பிராணியைப் பட்டினியில் வாடும்படி தெருவில் விட்டுவிட்டுப் போவது அதன்படி குற்றம். முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை! தொகை இருக்கட்டும். வேறு வழியின்றி நாயை விட்டுவிட்டுப் போகிற குடித்தனக்காரர் குற்றவாளி. "நாயை விட்டுவிட்டு வந்தால்தான் சாவி" என்று நிபந்தனை போட்டவரை எந்தச் சட்டமும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை.

சாதியையும் மதத்தையும் பற்றிச் சொல்லாமல் இந்த விஷயம் முழுமையாகாது. தீண்டாமையின் பேரில் குடியிருக்க இடம் மறுப்பது 1955ம் ஆண்டிலிருந்து குற்றம். அதனால்தான் யாரும் சாதியை நேராகக் கேட்பதில்லை. "சைவமா?" என்று கேட்கிறார்கள். முஸ்லிம் என்று தெரிந்தால் "இப்பத்தான் வேறொருத்தருக்குப் பேசி முடிச்சோம்" என்கிறார்கள். குஜராத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், தங்கள் மதத்தார் மட்டுமே உறுப்பினர் என்று வீட்டு வசதிச் சங்கம் ஒன்று விதி வைத்துக்கொண்டதை 2005ல் சுப்ரீம் கோர்ட்டே செல்லும் என்றது. கல்யாணமாகாத வாலிபர், தனியாக வாழும் பெண், மீன் வாங்கி வருகிறவர், வேறு மதத்தவர், தலித், கடைசியில் நாய் வளர்ப்பவர். ஒரே கதவு, ஒரே தாழ்ப்பாள். மாட்டுக்கறி தின்பவனோ நாய் வளர்ப்பவனோ நானில்லை என்று ஒவ்வொருவரும் ஒதுங்கி நின்றால் வீட்டுக்காரருக்குக் கொண்டாட்டந்தான்.

நாய் வளர்ப்போர் பலர் நம்மவர்கள் அல்ல என்பதும் தெரிந்ததுதான். அடையாற்றில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு லாப்ரடாரும் ஜெர்மன் ஷெப்பர்டும் வளர்க்கிறவர், நாலு மாதம் அலைந்தால் கடற்கரைச் சாலைப் பக்கம் தோட்டத்தோடு ஒரு வீடு பிடித்துவிடுவார். அவருக்கு இது உபத்திரவம். எலெக்ட்ரீஷியனுக்கோ, வீடு எங்கே என்பதோடு பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எங்கே, வேலை எங்கே என்பதெல்லாம் சேர்ந்தே தீர்மானமாகிறது.

பூங்காவில் வளர்ந்த குழந்தை

பெரிய நாய் என்றவுடன் எதிர்த் தரப்பு ஒரு சம்பவத்தைச் சொல்லும். அதை நாமே சொல்லிவிடுவோம், ஏனென்றால் அது நம்மவர் வீட்டுக் குழந்தைக்கு நேர்ந்தது.

2024 மே 5ந் தேதி, ஆயிரம் விளக்கு மாடல் ஸ்கூல் சாலையில் உள்ள மாநகராட்சிப் பூங்காவில் ஐந்து வயதுப் பெண் குழந்தையை இரண்டு ராட்வீலர் நாய்கள் கடித்துக் குதறின. குழந்தையின் தலையில் பலத்த காயம், ஆபரேஷன் செய்ய வேண்டியதாயிற்று. அந்தப் பூங்காவின் காவலாளியின் மகள் அவள். போலீஸ் வழக்குப் போட்டது, நாய்க்காரர் கைதானார், நாய்களை அப்புறப்படுத்தும்படி மாநகராட்சி நோட்டீஸ் கொடுத்தது. எல்லாம் செய்ய வேண்டியவையே. சங்கிலி இல்லாமல் அப்படிப்பட்ட நாயை வெளியே விடுவதை நாம் ஒரு நிமிஷமும் ஆதரிக்கமாட்டோம்.

ஆனால் ராட்வீலர் எந்த நாட்டு இனம், அதன் தாடைக்கு எவ்வளவு பலம் என்று நாள் முழுக்கப் பேசினார்களே, குழந்தை ஏன் பூங்காவில் இருந்தாள் என்று எத்தனை பேர் கேட்டார்கள்? அவள் அங்கே விளையாட வந்தவள் அல்ல. அவள் குடும்பம் குடியிருந்ததே அங்கேதான். பூங்காவைக் காப்பவருக்கு அந்த வட்டாரத்தில் ஓர் அறை வாடகைக்கு எடுக்கும் கூலி கிடையாது. வேலையோடு ஒட்டிக்கொண்டு வந்த இடமே வீடு. பங்களாவுக்கு உள்ள மதிலும் கேட்டும் அந்த வீட்டுக்கு இல்லை. பொது ஜனங்கள் உலாவும் இடமே அந்தக் குழந்தையின் வாசல், முற்றம், திண்ணை. ஊரார் நாயெல்லாம் நுழையும் இடத்தில் ஒரு குழந்தையை வளர்க்கும்படி விட்டது யார்?

பிறகு 2025 ஆகஸ்டில் ஜாபர்கான்பேட்டையில் பக்கத்து வீட்டு பிட்புல் கடித்து ஒருவர் உயிரிழந்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் மாநகராட்சி விறுவிறுப்பாகக் காரியத்தில் இறங்கியது. வளர்ப்பு நாய்க்கு லைசென்ஸும் தோலுக்கடியில் மைக்ரோசிப்பும் கட்டாயம், தவறினால் 5,000 ரூபாய் அபராதம். டிசம்பரில் பிட்புல், ராட்வீலர் இனங்களுக்குப் புதிய லைசென்ஸ் கிடையாது என்று தீர்மானம். மனித உயிரைக் காக்க இவை அவசியம் என்றால் இருக்கட்டும், நாம் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் இதன் எதிரொலி வாடகை வீட்டு வாசலில் வேறு விதமாகக் கேட்கிறது. ராட்வீலருக்கும் ராஜபாளையத்துக்கும் வித்தியாசம் தெரியாத வீட்டுக்காரர், தொடை உயர நாய் எல்லாம் ஆட்கொல்லி என்கிறார். 2005ல் தபால் இலாகா நமது நாட்டு நாய்களுக்காக வெளியிட்ட ஸ்டாம்புகளில் ஒன்றில் ராஜபாளையம் நாய் இருந்தது. தபால்தலையில் ஒட்டலாம், தபால்காரர் வாடகைக்கு இருக்கும் வீட்டில் வைக்கக் கூடாது!

வீட்டுக்காரர்களில் எல்லோரும் நாலு மாடிக்காரர்கள் அல்ல. பின் போர்ஷனை வாடகைக்கு விட்டு அந்தப் பணத்தில் மருந்து வாங்கும் வயோதிகர்கள் மயிலாப்பூரில் தெருவுக்குத் தெரு உண்டு. நாய் கதவைப் பிறாண்டும், மொசைக் தரையில் கீறல் விழும், இரவில் குரைக்கும் என்ற அவர்கள் கவலையை நாம் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் அட்வான்ஸ் என்பது எதற்கு? சேதம் ஏற்பட்டால் கழித்துக்கொள்ளத்தானே! அண்டை அயலாருக்கு உண்மையிலேயே தொல்லையானால் வீட்டைத் திரும்பப் பெற இன்றைய சட்டத்திலும் வழி இருக்கிறது. தொல்லை வந்தபின் கேட்பதற்கு வழி இருக்கும்போது, வருவதற்கு முன்பே கதவை அடைப்பானேன்?

இது நடக்காத காரியம் என்பவர்களுக்கு ஒன்று சொல்லுவோம். பிரான்சு தேசத்தில் 1970 ஜூலை 9ந் தேதியிட்ட சட்டம் ஒன்று உண்டு. வாடகை ஒப்பந்தத்தில் பிராணி வளர்க்கக் கூடாது என்று எழுதினால் அந்த வரி செல்லாது. அந்தப் பிராணி வீட்டுக்குச் சேதமோ மற்றவர்களுக்குத் தொல்லையோ செய்யக் கூடாது என்பது நிபந்தனை. தாக்குவதற்கென்றே வளர்க்கும் நாய் வகைகளை வீட்டுக்காரர் மறுக்கலாம் என்றும் பின்னால் திருத்திக்கொண்டார்கள். ஜெர்மனியின் உயர்ந்த நீதிமன்றம் 2013ல், நாய் பூனை கூடவே கூடாது என்று அச்சடித்து வைத்த வாடகைப் பத்திரங்கள் செல்லாது, ஒவ்வொன்றையும் தனித்தனியே சீர்தூக்கிப் பார்க்க வேண்டும் என்றது. இங்கிலாந்தில் 2025 அக்டோபரில் வாடகைதாரர் உரிமைச் சட்டம் நிறைவேறியது. வாடகைதாரர் பிராணி வளர்க்க அனுமதி கேட்டால் நியாயமான காரணமின்றி மறுக்க முடியாது என்கிறது அது. இவை மூன்றும் சோஷலிச நாடுகள் அல்ல. முதலாளித்துவ நாடுகளிலேயே வீட்டுக்காரரின் இஷ்டத்துக்கு இவ்வளவு கடிவாளம் போட முடிகிறதென்றால், வாடகைச் சட்டத்தை அடியோடு மாற்ற 2017ல் நேரம் கிடைத்த நமது சட்டசபைக்கு இந்த ஒரு பிரிவைச் சேர்க்க நேரம் கிடைக்காதா?

நாய்க்கான பிரிவு மட்டும் போதாது. சாதி, மதம், சாப்பாடு, கல்யாணம் இவற்றைக் காட்டி வீடு மறுப்பது குற்றம் என்று இதே சட்டத்தில் வெளிப்படையாக எழுத வேண்டும். நாய்ப் பிரிவு மட்டும் வந்தால், நாளைக்கு அந்த வீட்டம்மாள் நாயை விட்டுவிட்டு வேறொரு மரியாதையான காரணத்தைத் தேடிக்கொள்வார். அதோடு, கூலிக்காரர் கொடுக்கக்கூடிய வாடகையில் சர்க்காரே வீடு கட்டி விட வேண்டும். அதை நகரத்துக்குள்ளேயே கட்ட வேண்டும். அடையாற்றங்கரையிலும் மயிலாப்பூரிலும் இருந்தவர்களை அள்ளிக்கொண்டுபோய்ப் பெரும்பாக்கத்தில் கொட்டுவதற்குப் பெயர் வீட்டு வசதி அல்ல. மாநகராட்சி தன் பூங்காக்களில் குடும்பத்தோடு தங்கியுள்ள காவலாளிகளுக்குச் சுவரும் கதவும் உள்ள வீடு கொடுக்க எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை. ஒரு தீர்மானம் போதும். நாய்களுக்காகத் தீர்மானம் போட்ட அதே மன்றத்தில் போடலாம்.

இதற்கிடையே, இப்போதிருக்கும் சட்டத்திலேயே ஒரு விஷயம் பலருக்குத் தெரியாமல் கிடக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொண்டாலொழிய, குடியிருக்கும் வீட்டுக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்க 2017ம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். பத்து மாத அட்வான்ஸ் கேட்கிற வீட்டுக்காரர்கள் பதிவென்ற பேச்சை எடுத்தாலே முகம் சுளிப்பதற்குக் காரணம் அதுதான். தென் சென்னைப் பேட்டைகளில் குடித்தனக்காரர் சங்கம் அமைக்க முன்வரும் தோழர்கள் முதலில் தெருத் தெருவாக யார் யார் எத்தனை மாத அட்வான்ஸ் கொடுத்திருக்கிறார்கள், ரசீது இருக்கிறதா, அக்ரிமெண்டில் என்னென்ன 'கூடாது'கள் எழுதியிருக்கின்றன என்று கணக்கெடுக்கட்டும். நாய் வைத்திருப்பவர் பெயரையும் அதில் விட்டுவிட வேண்டாம்.